வந்தேறி வரைந்த தோட்டம்

தோட்டம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பலருடைய மனக்கண்ணில் எழும் காட்சி ஏறத்தாழ ஒன்றே. கத்தரித்துச் சீராக்கிய வேலி, கட்டம் கட்டமாய்ப் பிரித்த பாத்திகள், வரிசை பிறழாத குரோட்டன்ஸ் செடிகள், நடுவே ஒரு நீரூற்று, ஓரத்தில் ‘புல்லை மிதிக்காதீர்’ என்னும் பலகை. இத்தகைய தோட்டத்தில் மனிதன் அரசன். செடிகள் அவன் ஆணைக்கு அடங்கிய குடிகள். அவன் வளை என்றால் வளைய வேண்டும். நில் என்றால் நிற்க வேண்டும். அவற்றுள் பெரும்பாலானவை அந்த மண்ணில் தாமாக முளைத்தவையும் அல்ல. எங்கிருந்தோ விலை கொடுத்து வாங்கி வந்து, நீரும் உரமும் ஊட்டி, நோய்க்கு மருந்து தெளித்துக் காப்பாற்றப்படுகின்றவை.

இதற்கு முற்றிலும் மாறான தோட்டங்களும் உலகில் உண்டு. ஒரு நிலம் தன்னியல்பில் எந்த மரத்தை வளர்க்கிறதோ, எந்தப் புல்லைப் பரப்புகிறதோ, எந்தப் பூவை எந்தப் பருவத்தில் மலர்த்துகிறதோ, அவற்றையே கொண்டு, அந்நிலம் அமைந்துள்ள பாங்கிலேயே அமைக்கப்படும் தோட்டங்கள் அவை. தமிழ் மரபில் வளர்ந்தோர்க்கு இக்கருத்து விளங்குவதில் இடர்ப்பாடில்லை. நிலத்தை ஐந்தாகப் பகுத்து, இந்நிலத்திற்கு இம்மரம், இப்பூ, இப்பறவை, இன்ன தொழில் எனக் கருப்பொருள் வகுத்துக் கூறியவர்கள் நம் முன்னோர். முல்லையில் நெய்தற்பூவைத் தேடக் கூடாது என்பது அவர்தம் தெளிவு. அந்தத் தெளிவோடு ஒரு தோட்டத்தை வரைந்தால் எப்படியிருக்கும்?

வடஅமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்துத் தலைநகரான ஸ்பிரிங்ஃபீல்டில், ஏரிக்கரை ஒன்றில் அப்படியொரு தோட்டம் இருக்கிறது. ‘லிங்கன் நினைவுத் தோட்டம்’ என்பது அதன் பெயர். அதை வரைந்தவர் யென்ஸ் யென்சன் என்னும் டேனியர். மண்ணுக்குரிய மரங்களை மட்டுமே கொண்டு அமைந்த அந்தத் தோட்டத்தை வரைந்தவர் அந்த மண்ணுக்குரியவர் அல்லர் என்பதே நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

* * *

யென்சன் 1860ஆம் ஆண்டு டென்மார்க்கின் தென்கோடியில், டியூபல் என்னும் ஊரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். அவருக்கு மூன்று வயது நிறைந்திருந்த 1864இல் பிரஷ்யப் படைகள் அப்பகுதியைப் போரிட்டுக் கைப்பற்றின. வீட்டில் ஒரு மொழி, ஆட்சியாளர் மொழி வேறு. தன் நாடென்று எண்ணிய இடத்தில், ஒரு கொடி இறங்கி மற்றொரு கொடி ஏறியதைக் கண்டு வளர்ந்த பிள்ளை அவர். வயது வந்தபின் பிரஷ்யப் படையில் கட்டாயப் பணி புரியவும் நேர்ந்தது. 1884இல் கடல் கடந்து அமெரிக்கா சேர்ந்தார்.

சிக்காகோ நகரின் மேற்குப் பகுதிப் பூங்காக்களில் முதலில் அவர் கூலியாளாகவே பணிபுரிந்தார். அக்காலத்துப் பூங்காக்கள் ஐரோப்பியப் பாணியில், வெளிநாட்டுப் பூச்செடிகளால் வண்ணக்கோலம் போட்டவை. யென்சனும் அவ்வாறே நட்டுப் பார்த்தார். செடிகள் வாடி மடிந்தன. அப்போதுதான் அவர் ஒரு செயல் செய்தார். ஒரு குதிரை வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே சென்று, வயலோரங்களிலும் காட்டோரங்களிலும் யாரும் மதியாமல் கிடந்த காட்டுப்பூச்செடிகளைப் பெயர்த்து வந்து நட்டார். 1888ஆம் ஆண்டு யூனியன் பூங்காவின் ஒரு மூலையில் உருவான அந்தச் சிறு தோட்டத்திற்கு ‘அமெரிக்கத் தோட்டம்’ என்று பெயரிட்டார். நான்கே ஆண்டுகளுக்கு முன் கப்பலிலிருந்து இறங்கிய ஒருவர், அந்நாட்டு மக்களுக்கு அவர்கள் வீட்டுக் கொல்லையில் நின்ற பூவை எடுத்துக் காட்டினார்.

அவர் காட்டிய பூவின் பின்னே மறைந்துபோன ஒரு பெருநிலம் இருந்தது. பிரேரி எனப்படும் அந்தப் புல்வெளி ஒருகாலத்தில் இல்லினாய்ஸ் மாநிலத்தின் பாதிக்கும் மேற்பட்ட பரப்பை, ஏறத்தாழ 2 கோடியே 20 லட்சம் ஏக்கரை, மூடியிருந்தது. ஆளுயரத்தையும் விஞ்சும் புல், அதனிடையே பருவத்திற்கொரு நிறமாய்ப் பூக்கள், வேர்கள் மட்டும் பல அடி ஆழம். மரக்கலப்பையும் வார்ப்பிரும்புக் கலப்பையும் ஒட்டும் மண்ணில் சிக்கித் திணறின. 1837இல் இதே மாநிலத்தில் ஜான் டியர் என்னும் கொல்லர் எஃகினால் செய்த கலப்பை அந்த மண்ணைப் புரட்டியது. பல்லாயிரம் ஆண்டுகள் நின்ற புல்வெளி ஒரு மனித வாழ்நாளுக்குள் சோள வயலாயிற்று. இன்று பழைய நிலையில் எஞ்சியிருப்பது ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. அதிலும் ஒரு பகுதி பழைய கல்லறைத் தோட்டங்களிலும் இருப்புப்பாதை ஓரங்களிலும் பிழைத்தது. இறந்தோர் உறங்கும் இடத்தில் கலப்பை நுழையாததால் புல் உயிரோடிருந்தது என்பதை எண்ணுகையில் உள்ளம் சற்று நின்றுவிடுகிறது.

யென்சன் ஒவ்வொரு படியாக உயர்ந்து பூங்காக் கண்காணிப்பாளரானார். ஆயினும் பூங்காத் துறையில் அரசியல்வாதிகள் நடத்திய ஊழலுக்கு உடன்படாததால் 1900இல் பதவியிழந்தார். ஆட்சி மாறிய பின் 1905இல் அவரையே அழைத்து மேற்குப் பூங்காக்கள் அனைத்தையும் ஒப்படைத்தனர். சிக்காகோவின் கொலம்பஸ் பூங்கா அவர் கைவண்ணத்தின் உச்சம் என்பர். அது 2003இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1913இல் இயற்கை நிலங்களைக் காப்பதற்கென ஓர் அமைப்பையும் நண்பர்களோடு தொடங்கினார். மிச்சிகன் ஏரியோரத்து மணற்குன்றுகளைக் காப்பாற்றுவதற்கு எழுந்த குரல்களில் அவருடையதும் ஒன்று.

* * *

1930களில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரம் தன் குடிநீருக்காக ஓர் ஓடையைத் தடுத்து ஏரியொன்றை உருவாக்கியது. அதன் கரையில் இருந்தவை உழுது ஓய்ந்த வெற்று நிலங்கள். ஹேரியட் நட்சன் என்னும் அவ்வூர்ப் பெண்மணிக்கு ஓர் எண்ணம் உதித்தது. அந்நகரில் வாழ்ந்து, அங்கிருந்தே குடியரசுத் தலைவராகப் புறப்பட்டுச் சென்ற ஆபிரகாம் லிங்கனுக்குக் கல்லில் நினைவகங்கள் பல உண்டு; உயிருள்ள நினைவகம் ஒன்று ஏன் இருக்கக்கூடாது? தோட்டக்கலை மன்றங்கள் துணை நின்றன. நகரம் இடமளித்தது. யென்சனை அணுகினார்கள்.

அப்போது அவருக்கு வயது எழுபத்தைந்து. மனைவியை இழந்து, சிக்காகோவை விட்டு நீங்கி, விஸ்கான்சின் மாநிலத்தின் ஏரிக்கரைக் காடொன்றில் மண்ணோடு வாழக் கற்பிக்கும் சிறு பள்ளியொன்றைத் தொடங்கியிருந்தார். அந்த வயதில் அவர் வரைந்த தோட்டத்தில் வானளாவிய தூண் இல்லை. நேர்கோட்டு நடைபாதை இல்லை. லிங்கன் பிறந்தது 1809இல் கென்டக்கியில். சிறுவனாய் வளர்ந்தது இண்டியானாவில். இளைஞனாய் வந்து சேர்ந்தது இல்லினாய்ஸில். இம்மூன்று மாநிலங்களின் மண்ணிலும் அவர் காலத்தில் தாமாக வளர்ந்த மரங்கள், செடிகள், புற்கள் ஆகியவற்றையே ஏறத்தாழ 60 ஏக்கரில் யென்சன் அமைத்தார். லிங்கனின் முகம் எப்படியிருந்தது என்று சொல்வதைவிட, அவர் கண்கள் எதைக் கண்டு வளர்ந்தன என்று காட்ட விரும்பினார் போலும்.

ஓக் மரங்களை வளர்ந்த கன்றுகளாக வாங்கி நடவில்லை. நாடெங்கிலுமிருந்து பள்ளிப் பிள்ளைகளும் சாரணச் சிறார்களும் ஓக் விதைகளைத் திரட்டி அனுப்பினார்கள். 1936 நவம்பரில், குளிர்காலம் வாசலில் நின்ற வேளையில், சிறுவர் சிறுமியர் அந்த விதைகளை வெற்று நிலத்தில் ஊன்றினார்கள். வெள்ளை ஓக் மரத்தின் விதை ஒரு விந்தையான பண்புடையது. இலையுதிர்காலத்தில் மண்ணில் விழுந்ததும் வேரை மட்டும் கீழே இறக்கிவிடும். தண்டையும் தளிரையும் வசந்தம் வரும்வரை வெளிக்காட்டாது. மேலே பனி உறைந்திருக்க, கீழே அது தன் வேலையைத் தொடங்கியிருக்கும். இருபது ஆண்டுகளேனும் ஆனபிறகே காய்க்கத் தொடங்கும். முந்நூறு ஆண்டுகள் வாழக்கூடியது. எழுபத்தாறு வயதை எட்டிய முதியவர் அந்த நடவுக்குத் திட்டம் வரைந்து கொடுத்தார். 1951இல் அவர் மறைந்தபோது அம்மரங்கள் பதினைந்து வயதுப் பிள்ளைகள்.

* * *

சில ஆண்டுகளுக்கு முன் இல்லினாய்ஸ் மாநிலத்தின் ஒரு பங்கில், தவக்காலம் தொடங்கிப் பாஸ்கா காலம் வரை துணைப்பணி புரியும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. அம்மக்கள் அன்போடு நடத்தினார்கள். ஆயினும் திருப்பலி முடிந்து வாசலில் நின்று கைகுலுக்கும்போது, “தந்தையே, தாங்கள் எந்த ஊர்?” என்பதும், “எப்போது திரும்பிப் போவீர்கள்?” என்பதும் மாறாத கேள்விகளாயிருந்தன. கேட்டவர் மனத்தில் கள்ளம் ஏதுமில்லை. எனினும் ஒரே கேள்வியைப் பல வாய்களிலிருந்து கேட்கும்போது, தாம் அங்கே வந்துபோகிறவர் என்பதை ஒருவர் மறக்க இயலாது.

ஏப்ரல் இறுதியில் ஒருநாள் அப்பங்கைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் நம்மை அந்தத் தோட்டத்திற்கு அழைத்துச் சென்றார். வாரம் இருமுறை அங்குத் தன்னார்வப் பணி செய்பவர். உள்ளே நுழைந்ததும், தோட்டத்திற்குள் வந்தோமா, காட்டிற்குள் வந்தோமா என்னும் மயக்கம் ஏற்பட்டது. பாதைகள் வளைந்து வளைந்து செல்கின்றன; அடுத்து என்ன வரும் என்பதை வளைவு மறைத்து வைத்திருக்கிறது. நிழலில் நடந்து சலிக்கும் நேரத்தில் திடீரென ஒரு வெளி திறந்து, ஒளி வெள்ளமாய்ப் பாய்ந்து, தொலைவில் ஏரி மின்னுகிறது. ரெட்பட் என்னும் சிறுமரம், இலைவிடுமுன்பே கிளையெல்லாம் ஊதாகலந்த இளஞ்சிவப்பாய்ப் பூத்து நின்றது. பெருமரங்களின் அடியில் நீலநிற மணிகளைப் போலப் புளூபெல் மலர்கள் தரையை மூடியிருந்தன. மேலே மரங்கள் முழுதும் இலைவிடுவதற்கு முன் கிடைக்கும் சில வார வெயிலை நம்பியே அவை முளைத்து, பூத்து, விதைத்து, மறைந்துவிடும் என்று அம்மையார் விளக்கினார். முன்பனிக்கும் பெருநிழலுக்கும் இடைப்பட்ட ஒரு சிறு வாசல் வழியாகத் தம் வாழ்வை முடித்துக்கொள்ளும் மலர்கள்!

பாதையோரங்களில் ஆங்காங்கே தாழ்வான கல் இருக்கைகள் வட்டமாய் அமைந்திருந்தன. மொத்தம் எட்டு. நடுவில் தீ மூட்டுவதற்கான இடம். அமெரிக்கப் பூர்வகுடி மக்கள் நெருப்பைச் சூழ்ந்து அமர்ந்து கலந்துபேசும் மரபையும், தம் வடநாட்டு மரபையும் மனத்தில் கொண்டு யென்சன் தாம் அமைத்த பல தோட்டங்களில் இவ்வட்டத்தை வைத்தார். வட்டத்தில் முதல் இருக்கை என ஒன்றில்லை. கடை இருக்கை எனவும் ஒன்றில்லை. யார் வந்தமர்ந்தாலும் மற்றவர் முகம் தெரியும்.

அதில் ஒன்றில் அமர்ந்து இளைப்பாறுகையில், நாம் அம்மையாரிடம், “இங்குள்ளவை எல்லாம் இந்த மண்ணுக்கே உரியவைதாமா?” என்று வினவினோம்.

அவர் கையிலிருந்த சிறு ரம்பத்தைக் காட்டிச் சிரித்தார். “மரங்கள் அப்படித்தான், தந்தையே. நான் அப்படியல்லேன். என் பாட்டனார் ஜெர்மனியிலிருந்து வந்தவர். இந்த மண்ணின் மக்கள் வேறு யாரோ. அவர்களை நாங்கள் நடக்க வைத்து அனுப்பிவிட்டோம்.”

* * *

அவர் கூறியதன் பொருள் பிறகே நமக்கு முழுமையாக விளங்கியது. நடு இல்லினாய்ஸ் நிலம் ஒருகாலத்தில் கிக்காப்பூ மக்களுடையது. 1819ஆம் ஆண்டு உடன்படிக்கையால் அது அவர்கள் கையைவிட்டுப் போயிற்று. 1838 செப்டம்பரில், இண்டியானாவின் வடபகுதியில் வாழ்ந்த பொட்டவாடொமி மக்கள் 859 பேர், படைவீரர்களின் காவலில் மேற்கே கான்சாஸ் நோக்கி நடத்திச் செல்லப்பட்டனர். நிலத்தை விட்டுக்கொடுக்கும் உடன்படிக்கையில் ஒப்பமிட மறுத்த அவர்தம் தலைவர் மெனோமினியைக் கம்பியிட்ட வண்டியில் கைதியாய் ஏற்றிச் சென்றனர். அம்மக்களுள் பலர் கத்தோலிக்கர். அவர்களுடைய மறைப்பணியாளர், பிரான்சிலிருந்து வந்து ஓராண்டுக்கு முன்புதான் குருவான இளைஞர் பெஞ்சமின் பெத்தி. அதற்கு முன் வழக்கறிஞராயிருந்தவர். அவர் வழியில் வந்து சேர்ந்து, அவர்களோடு நடந்தார், நோயுற்றோரைத் தேற்றினார், இறந்த குழந்தைகளை வழியோரத்தில் அடக்கம் செய்தார். இரண்டு மாதப் பயணத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர், பெரும்பாலோர் குழந்தைகள். கான்சாஸ் சென்றடைந்து, நோயோடு திரும்பிய பெத்தி 1839 பிப்ரவரியில் புனித லூயி நகரில் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு.

அந்தக் கூட்டம் செப்டம்பர் இறுதியில் ஸ்பிரிங்ஃபீல்டு வழியாகச் சென்றது. லிங்கன் அப்போது அந்நகரில் இளம் வழக்கறிஞர். இண்டியானாவிலிருந்து இல்லினாய்ஸுக்கு வந்த பாதையை லிங்கனின் வாழ்க்கைப் பாதை என்று அத்தோட்டம் போற்றுகிறது. அதே திசையில், அதே மரங்களின் அடியில், இவர்களும் நடந்தார்கள்.

வரலாறு இதோடு நிற்கவில்லை. லிங்கன் வாழ்ந்த அதே நகரில், 1908 ஆகஸ்டில், வெள்ளையர் கும்பலொன்று கறுப்பின மக்களின் வீடுகளையும் கடைகளையும் தீக்கிரையாக்கியது. இருவரைப் பிடித்துத் தூக்கிலிட்டது. அவருள் ஒருவர் முதியவர். அடிமைத்தளையை அறுத்தவரின் ஊரிலேயே இது நிகழ்ந்ததே என்னும் அதிர்ச்சியின் விளைவாகவே, அடுத்த ஆண்டு கறுப்பின மக்களின் உரிமைக்கான தேசியச் சங்கம் தோன்றியது. அக்கலவரம் நிகழ்ந்த இடம் 2024இல் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டுள்ளது. தோட்டத்தில் ஓக் விதைகள் ஊன்றப்பட்டபோது அந்தத் தீ அணைந்து இருபத்தெட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன.

மண்ணுக்குரியது எது, அயலானது எது என்னும் கேள்வி செடிகளோடு நின்றுவிடுவதில்லை. யென்சன் தோட்டம் வரைந்த அதே காலத்தில் ஜெர்மனியிலும் நாட்டு மரங்களையே நட வேண்டுமெனும் இயக்கம் ஓங்கியிருந்தது. ஆனால் அங்கே அது மரத்தோடு மனிதரையும் தரம் பிரித்தது. 1942இல் சாக்சனிப் பகுதித் தாவரவியலாளர் குழுவொன்று, ஆசியாவிலிருந்து வந்து பரவிய ஒரு சிறு காட்டுச்செடிக்கு எதிராக அழிப்புப் போர் தொடுக்க வேண்டுமென முழங்கியது. அந்தச் செடி நம் வீட்டு முற்றங்களில் பூக்கும் காசித்தும்பைக்கு உறவானது! செடியைச் சொன்ன அதே வாயால் அக்காலத்தில் மனிதர்களையும் சொன்னார்கள். அதன் முடிவை உலகம் அறியும். யென்சனின் எழுத்துகளிலும் நிலத்தையும் இனத்தையும் பிணைத்துப் பேசும் இடங்கள் உண்டென்று பிற்கால ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர். 1937இல் ஜெர்மானியத் தோட்டக்கலை இதழொன்றிலும் அவர் எழுதினார். இதை மறைத்து அவரைப் போற்றுவது முறையன்று.

* * *

அப்படியானால் அந்த மூதாட்டியின் கையிலிருந்த ரம்பத்தை என்னவென்று சொல்வது? அவர் அறுத்துக்கொண்டிருந்தது அமூர் ஹனிசக்கிள் என்னும் ஆசியப் புதர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அழகுக்காகக் கொண்டுவரப்பட்டது. வசந்தத்தில் எல்லா மரங்களுக்கும் முன்னே இலைவிட்டு, இலையுதிர்காலத்தில் எல்லாவற்றுக்கும் பின்னே உதிர்க்கும். அதனால் புளூபெல் போன்ற மலர்களுக்குரிய அந்தச் சில வார வெயிலை அது மறைத்துவிடுகிறது. அதைத் தின்று கட்டுக்குள் வைக்கும் பூச்சிகள் பலவும் அதன் தாயகத்திலேயே தங்கிவிட்டன. எனவே அதை அகற்றுவது வெறுப்பினால் அன்று, கணக்கினால். வெயில் இத்தனை வாரம், நிழல் இத்தனை அடி என்னும் கணக்கு.

இந்தக் கணக்கை மனிதர்மேல் ஏற்றுவதில்தான் பெருந்தீங்கு தொடங்குகிறது. புதர் தன் இயல்பை மாற்றிக்கொள்ளாது. பிறர்க்கு வெயில் வேண்டுமென்று அறிந்து ஒதுங்கி நிற்காது. மனிதனால் அது இயலும். அவன் புதிய மண்ணின் பெயர்களைக் கற்கிறான். அதன் பருவங்களை மனனம் செய்கிறான். அங்குள்ளோர் மறந்துபோன பூவையும் சிலவேளை அவர்களுக்கு நினைவூட்டுகிறான். குதிரை வண்டியில் காட்டுப்பூ பெயர்த்து வந்த கூலியாளை எண்ணிப் பாருங்கள். செடிக்கும் மனிதனுக்கும் உள்ள வேறுபாடு அவ்வண்டியில் தெரிகிறது.

மண்ணுக்குரியதெல்லாம் மாசற்றது என்று எண்ணுவதற்கும் இடமில்லை. லிங்கனின் தாய் நான்சி, 1818இல், மகனுக்கு ஒன்பது வயதாயிருந்தபோது இறந்தார். இண்டியானாக் காட்டு நிழலில் தாமாக வளரும் வெண்பூச்செடி ஒன்றைத் தின்ற பசுவின் பால் நஞ்சாகி அவரைக் கொன்றது. அச்செடி அந்த மண்ணின் சொந்தக் குழந்தை. காரணம் அறியாமல் குடியேறிய மக்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தனர்; நஞ்சு எதுவென அறிவியல் தெளிவாக நிறுவியது 1920களில்தான். ஷானி இனப் பெண்ணொருத்தி வெகுகாலம் முன்பே அதை ஒரு மருத்துவப் பெண்மணிக்குக் காட்டிக் கொடுத்தாள் என்னும் செய்தி தென் இல்லினாய்ஸில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. நிலத்தை அறிந்தோரை விரட்டிவிட்டு நிலத்தில் வாழ முற்பட்டவர் கொடுத்த விலை அது.

இயற்கை எனப்படுவதும் தானாகவே நின்றுவிடுவதன்று. பூர்வகுடி மக்கள் காலந்தோறும் புல்வெளிக்கும் காட்டடிக்கும் அளவறிந்து தீயிட்டனர். தடித்த பட்டையுள்ள ஓக் மரம் அத்தீயைத் தாங்கும்; மெல்லிய பட்டை மேப்பிள் தாங்காது. தீயிட்ட கைகள் அகன்றபின், நிழலிலும் வளரவல்ல மேப்பிள் கன்றுகள் மெல்ல ஓங்கி, ஒளி விரும்பும் இளம் ஓக்குகளை அந்நாட்டுக் காடுகளில் எங்கும் முடக்கி வருகின்றன. மேப்பிளும் அம்மண்ணுக்குரியதே, பிப்ரவரியில் அதன் இனிய சாற்றை இறக்கிப் பாகு காய்ச்சும் வழக்கம் அத்தோட்டத்திலும் உண்டு. இரண்டும் சொந்தப் பிள்ளைகளாயினும், இரண்டும் வாழ இடையே ஒரு மனிதக் கை வேண்டியிருக்கிறது. கண்காணிப்பாரற்ற தோட்டம் காடாகலாம். இந்தத் தோட்டமாக நிலைக்காது.

* * *

‘மண்ணின் மைந்தர்’ என்னும் சொல் நம்மிடையேயும் வலிமையோடு வழங்குகிறது. ‘வந்தேறி’ என்னும் சொல் அதன் நிழலாய்ப் பின்தொடர்கிறது. முதற்சொல்லில் அன்பு இருக்கிறது. இரண்டாவதில் கத்தி இருக்கிறது. அன்பைச் சொல்ல வந்த நா, கத்தியை எடுக்கும் தொலைவு மிகச் சிறியது என்பதை வரலாறு மீண்டும் மீண்டும் காட்டியிருக்கிறது. மண்ணை நேசிப்போர் ஒவ்வொருவரும் அத்தொலைவைத் தம் உள்ளத்தில் அளந்து வைத்துக்கொள்வது நலம்.

யென்சன் என்னும் மனிதரிடம் குறையுண்டு. அவர் காலத்து இருளின் சாயலும் உண்டு. ஆயினும் அவர் எழுத்தைவிட அவர் தோட்டம் தெளிவாகப் பேசுகிறது. ஒரு நிலத்தைத் தன்னுடையது என்று சொல்ல, அதில் பிறந்திருக்க வேண்டும் என்பதில்லை. அதன் இயல்பைப் பொறுமையோடு கற்று, அதற்கு வேண்டியதைச் செய்து, தான் காணப்போகாத நிழலுக்கு விதை ஊன்றினால் போதும் என்று அது சொல்கிறது. வட்டமாய் அமைந்த அந்தக் கல்லிருக்கையில் பிறப்புச் சான்று கேட்பார் எவருமில்லை. பொட்டவாடொமி மரபினரும் கறுப்பினத்தாரும் அங்கே வந்தமரும் நாளில், நடுவே மூட்டப்படும் தீயின் வெளிச்சம் எல்லார் முகத்திலும் ஒரே அளவில்தான் விழும். அவர்கள் அங்கே சொல்லவிருக்கும் கதைகளைக் கேட்கும் பொறுமை மற்றவர்க்கு வாய்க்க வேண்டும். அவ்வட்டத்திற்கு இன்னும் மீதமுள்ள வேலை அதுவே.

அத்தோட்டம் 1992இல் அந்நாட்டின் வரலாற்று இடங்களின் பதிவேட்டில் இடம்பெற்றது. பின்னாளில் பக்கத்து நிலமும் சேர்ந்து, புல்வெளி மீட்கப்பட்டு, இன்று அது ஏறத்தாழ 100 ஏக்கர் பரப்புடையது. 1936இல் ஊன்றிய ஓக்குகளுக்கு இப்போது ஏறத்தாழ தொண்ணூறு வயது. மனிதக் கணக்கில் முதுமை; வெள்ளை ஓக்கின் கணக்கில் இளமை. தொலைதூர ஊர்களிலிருந்து விதைகளைப் பொறுக்கி அனுப்பிய பிள்ளைகளுள் பெரும்பாலோர் அத்தோட்டத்தைக் கண்ணாலும் கண்டிருக்க மாட்டார்கள். எந்த மரம் எந்தப் பிள்ளையின் விதை என்று பிரித்தறிய இன்று வழியில்லை. வெள்ளைக் கையோ கறுத்த கையோ, முன்னே வந்தவர் பேரனோ பின்னே வந்தவர் மகளோ, எல்லாம் ஒரே நிழலாகிவிட்டது. ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் அம்மரங்களிலிருந்து புதிய விதைகள் உதிர்கின்றன. பனி மூடுவதற்குள் வேரை இறக்கிவிட்டு, வசந்தத்திற்காகக் காத்திருக்கின்றன.